செம்புக்குள்ள கடல்தண்ணி

வணக்கம் நேயர்களே. ஆர்த்தடாக்ஸ் சபை, அதாவது கிழக்கத்திய கிறிஸ்தவ சபையோட சட்டம்னு சொன்னா பல பேருக்கு கடவுளப் பத்தின பெரிய பெரிய வாக்குவாதம்தான் ஞாபகம் வரும், எனக்கு எப்பவும் வர்றது கடை வாசல்ல எரியுற நெருப்பு.

691-692ல கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இன்னிக்கு இஸ்தான்புல், அங்க இருந்த அரண்மனைல, குவிமாடம் வச்ச மண்டபத்துல பிஷப்புங்க கூடினாங்க, அந்தக் குவிமாடத்த வச்சுதான் ட்ருல்லோ சங்கம்னு பேரு. அதுக்கு முன்னாடி 553லயும் 680-681லயும் கூடின பெரிய சங்கங்க விசுவாசத்தப் பத்தி முடிவு பண்ணுச்சு, ஆனா தினசரி ஒழுங்குக்குன்னு ஒரு விதியும் போடல. அந்தக் குறை தீர இவங்க போட்டது 102 விதி.

அதுல 65ஆவது என்னன்னா, பிறை பிறக்கிற அன்னிக்கு வீட்டு வாசல்லயும் கடை வாசல்லயும் நெருப்பு மூட்டி தாண்டிக் குதிக்காதீங்க, குருவானவர் குதிச்சா பதவி போகும், மத்தவங்கள சபைல இருந்தே விலக்கிடுவோம். எவ்வளவு கடுமை பாருங்க! சரி, நின்னுச்சா? சுமார் 500 வருஷம் கழிச்சு, 12ஆம் நூற்றாண்டுல, பால்சமோன்னு ஒருத்தர் இந்த விதிகளுக்கு உரை எழுதுறார். எழுதும்போது தன் காலத்துல ஜூன் 23 சாயங்காலம் நடந்ததச் சொல்றார், வீட்டோட மூத்த பொண்ண மணப்பொண்ணு மாதிரி ஜோடிச்சு உக்கார வச்சு, வாய் குறுகின செம்புல கடல்தண்ணி ஊத்தி ஆளாளுக்கு ஒரு பொருள உள்ள போட்டு, பாட்டு கூத்தெல்லாம் முடிஞ்சதும் பொண்ணு கைய விட்டு ஒண்ண எடுப்பா, யார் பொருளோ அவங்களுக்கு நல்லதா கெட்டதான்னு குறி. நெருப்பத் தாண்டுறதும் அப்பவும் உண்டு. கான்ஸ்டான்டிநோபிள் சபைத் தலைவரான பேட்ரியார்க் மூணாம் மைக்கேல் இத நிறுத்தினார்னு வேற எழுதுறார். கிரீஸ்ல இன்னிக்கும் அந்த நாள்ல நெருப்பு தாண்டுறாங்க!

அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், விதிய மட்டும் படிக்காதீங்க, உரையயும் சேத்துப் படிங்க. விதில தண்டனைதான் இருக்கு, அந்தப் பொண்ணும் செம்பும் இருக்கிறது உரைல.

இன்னொண்ணு, கடைசி விதி, 102. பாவம் பண்ணினவன வைத்தியர் மாதிரி பாருங்க, நோயோட தன்மை என்ன, அவனுக்குத் திரும்பி வர மனசு இருக்கான்னு பாத்து மருந்து குடுங்க, ரொம்பக் கடுமையும் வேணாம், ரொம்பத் தளர்வும் வேணாம்னு சொல்லுது. 65ல அவ்வளவு கடுமையாப் பேசின அதே ஆட்கள்தான் இதையும் எழுதினாங்க.

நேரம் முடியப்போகுதுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சைகை காட்டுறாங்க. செர்பியாவப் பத்தி நிறைய வச்சிருந்தேன், ஒரே வரில சொல்லிடறேன். 1219ல செர்பிய சபைக்குத் தலைவரான சாவா இந்த விதிகள ஸ்லாவிய மொழில தொகுத்தார், அது அப்புறம் ரஷ்யா வரைக்கும் போச்சு, ஆனா கூடப் போனது அரிஸ்டெனோஸ், ஸோனராஸ் இவங்க உரை, பால்சமோனோடது இல்ல. நன்றி, வணக்கம்.