புகாரை யார் விசாரிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

காவல் நிலையத்தில் ஒருவருக்கு அடி விழுகிறது. அதற்குப் பிறகு அவர் எங்கே போய் முறையிடுகிறார், அந்த முறையீடு என்ன ஆகிறது? வழக்கறிஞராக நான் அன்றாடம் பார்ப்பது இதைத்தான் என்பதால், இன்று இதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

வடசென்னையில் தள்ளுவண்டியில் டிபன் கடை போடும் ஓர் அம்மா. அவருடைய மகனை ஒரு நாள் ராத்திரி, "சும்மா ஒரு விசாரணைதாம்மா, காலைல அனுப்பிடுறோம்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பையன் மறுநாள் சாயங்காலம்தான் வந்தான். உள்ளங்காலை ஊன்ற முடியவில்லை. வழக்கு கிடையாது, கைது கிடையாது, அவன் அங்கே இருந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆஸ்பத்திரியில் "கீழே விழுந்துட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே மிரட்டி அனுப்பியிருந்தார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் நகலில், அதாவது ஏ.ஆர். காப்பியிலும், அதுவே ஏறிவிட்டது.

அந்த அம்மா மனம் தளரவில்லை. மனு எழுதி, மேலதிகாரி அலுவலகத்தில் கொடுத்து, ரசீதும் வாங்கினார். மனு மேலிருந்து துணை ஆணையருக்கு, அவரிடமிருந்து உதவி ஆணையருக்கு என்று இறங்கி இறங்கி வந்தது. சில நாள் கழித்து அவருக்கு போன் வந்தது, பையனை அடித்த அதே ஸ்டேஷனிலிருந்து. "உங்க மனு எங்ககிட்ட வந்திருக்கு. வந்து ஸ்டேட்மென்ட் குடுத்துட்டுப் போங்க." போனார். அதே தெருவில்தானே அவர் நாளைக்கும் வண்டி போட வேண்டும்? "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மனு முடித்து வைக்கப்பட்டது.

இதே சென்னையில், 1854-55இல், அன்றைய மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி விசாரிக்க ஒரு குழு அமர்ந்தது. கிட்டி போட்டு விரல்களை நசுக்கியது உட்பட எத்தனையோ கொடுமைகளைப் பதிவு செய்த அந்தக் குழு, தங்களை எல்லாவற்றையும்விட உறுத்தியது பாதிக்கப்பட்டவர்கள் நியாயம் பெறுவதில் இருந்த கஷ்டம்தான் என்று எழுதியது. அந்த அம்மாவின் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையங்கள் வேண்டும், ஓய்வு பெற்ற நீதிபதிகள் அவற்றுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டது. எப்படி? மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். நீதிபதிக்கு இடமே இல்லை. யார் மீது புகாரோ, அவருடைய மேலதிகாரியே விசாரணை மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் மட்டும் ஆணையம்!

ஊரே கொந்தளித்தால் சஸ்பெண்ட், அல்லது ஆயுதப்படைக்கு மாற்றம். அப்புறம் மெமோ, இன்கிரிமென்ட் கட். பெரும்பாலும் அத்தோடு சரி.

காவலர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்தபோது, அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், கண்ணால் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மை பேசிய காவலருக்கே இந்த நிலை என்றால் தள்ளுவண்டிக்கார அம்மா என்ன செய்வார்? அந்த ஸ்டேஷனில் கேமராவும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள்.

நம்மிடமும் ஒரு கேள்வி. போலீஸ் பிடித்த ஒருவர் கையில் காலில் மாவுக்கட்டோடு இருக்கும் படம் போனில் வந்தால், "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த குரூப்புக்கு அனுப்புகிறோம். தண்டனை கொடுக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து எடுத்து ஸ்டேஷனுக்குக் கொடுக்க நாம் சம்மதிக்கிறோம். 2025இல் திருப்புவனத்தில் அடித்துக் கொல்லப்பட்டவர் ஒரு கோயில் காவலாளி. நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்காக அழைத்துப்போகப்பட்டவர், அவ்வளவுதான்.

இப்போதைக்கு இருக்கும் ஒரு வழியைச் சொல்கிறேன். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் அவசியமில்லை, ஆனால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். அந்த ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், ஏ.ஆர். காப்பியை வாங்கி வையுங்கள். மனுவிலேயே தேதி, நேரம் குறித்து, அந்த நேரத்து சி.சி.டி.வி. பதிவை எடுத்து வைக்கும்படி கேளுங்கள். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு.

2013 சட்டத்தைத் திருத்துவது சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது, புகார் ஆணையத்துக்கு எப்போது ஒரு நீதிபதியைத் தலைவராகப் போடுவீர்கள் என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.