பாட்டில்லாமல் நகராத கதைகள்

வணக்கம் நேயர்களே.

மேடையிலும் திரையிலும் எனக்குப் பிடித்த இசை நாடகங்களை வரிசைப்படுத்திச் சொல்லுமாறு நிலையத்தார் கேட்டிருந்தார்கள். ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து எழுதினேன். பதினேழு பெயர்கள் வந்தன. அடித்து, திருத்தி, மறுபடி அடித்து, ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். ஐந்துமே அமெரிக்காவின் மேடையிலோ திரையிலோ பிறந்தவை. முதலிடம் எதற்கு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்'. ஏன் என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடியும். அதற்கு என் பாட்டியும் வரவேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். பாட்டை எடுத்துவிட்டால் கதை நகருமா? நகரும் என்றால், பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது கதைக்குப் போட்ட மாலை. நகராது என்றால், அந்தப் பாட்டுதான் கதையின் கால். நமக்கு இது புதிய செய்தி இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன், சிதம்பரம் போக வேண்டும் என்று ஆண்டையிடம் மன்றாடுவதே பாட்டில்தான். அதை உரைநடையில் எழுதினால் ஒரு விண்ணப்பமாகிவிடும். அமெரிக்க மேடையில் அந்தத் திருப்பம் அழுத்தமாக விழுந்த ஆண்டு 1943. 'ஓக்லஹோமா!' என்ற நாடகத்தில் திரை விலகியதும் ஆடல் அழகிகள் கூட்டமாக வருவார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு, தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடையும் ஒரு வயதான பெண்மணிதான் தெரிந்தார். பாட்டு மேடைக்கு வெளியிலிருந்து மெல்ல வந்தது. அந்த நாடகம் 2,212 முறை நடந்தது. என் ஐந்தில் அது இல்லை. ஆனால் ஐந்தில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் தாய்வீடு.

ஐந்தாம் இடம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. 1959இல் மேடைக்கு வந்தது, 1965இல் படமானது. மலையுச்சியில் கைவிரித்துச் சுழலும் காட்சிக்காகவும், பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக் கொடுக்கும் பாட்டுக்காகவும் உலகம் அதைக் கொண்டாடுகிறது. நான் வேறொரு பாட்டுக்காக அதை வைத்திருக்கிறேன். ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குப் போய்விட்டது. நாஜிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கும் அரங்கில், கதாநாயகனான ஆஸ்திரியக் கடற்படைக் கேப்டன் மேடையேறி 'ஈடல்வைஸ்' என்ற சின்னஞ்சிறு வெள்ளைப் பூவைப் பற்றிப் பாடுகிறார். பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மனைவி எடுத்துக் கொடுக்கிறாள், பிறகு அரங்கமே சேர்ந்து பாடுகிறது. என் நாடு எனக்கு வேண்டும் என்று அவர் அங்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கைது செய்திருப்பார்கள். பூவைப் பாடியவரை என்ன செய்ய முடியும்? இது பழைய ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்று நம்புகிறவர்கள் இன்றும் பலர். எழுதியவர் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன். அவர் எழுதிய கடைசிப் பாட்டு இது. நாடகம் அரங்கேறிய ஒன்பதாம் மாதம், 1960 ஆகஸ்டில், புற்றுநோயால் காலமானார்.

நான்காம் இடம் 'மை ஃபேர் லேடி'. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகத்திலிருந்து எடுத்தது. 1956இல் அரங்கேறி 2,717 முறை நடந்தது. பூ விற்கும் எலைசா என்ற பெண்ணுக்கு மேட்டுக்குடி உச்சரிப்பைப் பழக்குகிறார் ஒரு பேராசிரியர். ழகரம் வராத பிள்ளையிடம் 'வாழைப்பழம், வாழைப்பழம்' என்று நாள் முழுதும் சொல்லச் சொன்னால் எப்படியிருக்கும், அதுதான் அங்கே நடக்கிறது. நடுநிசி கடந்து, எல்லாரும் களைத்துச் சரிந்த நேரத்தில், அவள் வாயில் அந்த உயிரெழுத்து திடீரென்று சரியாக வந்து உட்கார்கிறது. இன்னொரு முறை சொல் என்கிறார். சொல்கிறாள். மூன்றாம் முறை சொல்லும்போது அது பாட்டாகிவிடுகிறது. பேச்சு எந்தக் கணத்தில் பாட்டாக மாறுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை. அப்படியானால் ஏன் நான்காம் இடம்? முடிவுக்காக. தன் எலைசா அந்தப் பேராசிரியரிடம் திரும்பிப் போகக் கூடாது என்று ஷா கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். இசை நாடகம் அவளைத் திரும்பி வரவைத்து, அவருடைய செருப்பைத் தேடும் பேச்சோடு முடிக்கிறது. ஷாவின் பக்கம்தான் நான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தக் கடைசி நிமிடத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெயர் மார்னி நிக்ஸன். 'மை ஃபேர் லேடி' மேடையில் எலைசாவாகப் பாடியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். 1964இல் படம் எடுத்தபோது அவரை விட்டுவிட்டு ஆட்ரி ஹெப்பர்னை நடிக்க வைத்தார்கள். ஹெப்பர்னுக்காகப் பாட்டின் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்ஸன். அதற்கு முன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நாட்டலி உட்டுக்குப் பாடியவரும் அவரே, 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர்ருக்குப் பாடியவரும் அவரே. திரையில் அவர் பெயர் வரவில்லை. நம் வானொலியில் ஒரு பாட்டைப் போடுவதற்கு முன் படத்தின் பெயர், பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம். சிறு வயதிலிருந்து அந்த அறிவிப்பைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு பாடகியின் பெயரை மறைத்து வைப்பது ஒரு குற்றமாகவே படுகிறது. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கன்னிமடத்துச் சகோதரிகளில் ஒருவராக அவர் முகத்தைக் காட்டுகிறார். அந்தக் காட்சி வந்தால் வீட்டிலிருப்பவர்களைக் கூப்பிட்டு, இவர்தான், இவர்தான் என்று காட்டுவேன்.

மூன்றாம் இடம், குரலை இரவல் வாங்குவதையே கதையாக்கிய 'சிங்கிங் இன் த ரெயின்', 1952. பேசாப் படம் போய்ப் பேசும் படம் வந்த காலத்தில், கீச்சுக் குரல் கொண்ட ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு புதுமுகப் பெண் திரைமறைவில் குரல் கொடுக்கிறாள். கதையில் குரல் கொடுப்பவளாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே அந்தப் படத்தில் ஒரு பாட்டில் வேறொருவர் குரல் கொடுத்தார். பெட்டி நோயஸ் என்பது அவர் பெயர். ஜீன் கெல்லி மழையில் ஆடும் அந்தப் பாட்டோ என் அளவுகோலுக்குள் அடங்கவே மறுக்கிறது. கதை அங்கே ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. காதலியை வீட்டில் விட்டுவிட்டு ஒருவன் தெருவில் நடந்து போகிறான், அவ்வளவுதான். ஆனால் குடையை மடக்கிக்கொண்டு விளக்குக் கம்பத்தில் தாவி ஏறுகிறான், கூரைக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் முகத்தைக் கொடுக்கிறான், தேங்கிய தண்ணீரில் குதிக்கிறான். ஒரு போலீஸ்காரர் வந்து நின்று பார்க்கிறார். எதிரே நனைந்து வருகிறவரிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் காட்சியில் ஆடியபோது கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல். அளவுகோலைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டுத்தான் இதற்கு மூன்றாம் இடம் கொடுத்தேன்.

இரண்டாம் இடம் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. 1957. இசை லெனர்ட் பெர்ன்ஸ்டைன், பாடல்கள் அப்போது 27 வயதான ஸ்டீஃபன் சோன்ட்ஹைம், ஆட்டமும் இயக்கமும் ஜெரோம் ராபின்ஸ். ரோமியோ ஜூலியட் கதையை நியூயார்க் தெருவுக்குக் கொண்டுவந்து, இரு குடும்பங்களுக்குப் பதில் இரண்டு இளைஞர் கும்பல்களை வைத்தார்கள். 1961இல் வந்த படம் பத்து ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. காதலன் தன் காதலியின் பெயரை முதல்முறை பாடும் இடத்தைச் சற்று உற்றுக் கேளுங்கள். 'ம-ரி-யா'. மூன்றே அசை. நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், பிரதி மத்யமம், பஞ்சமம். கல்யாணி ராகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்த மத்யமம் உறுத்தாது. ஆனால் மேற்கத்திய இசையில் ஷட்ஜத்திலிருந்து நேரே அங்கே தாவுவது அமைதி கெட்ட இடைவெளி. பிசாசின் பெயரைச் சூட்டியே அதைப் பழைய இசையாசிரியர்கள் ஒதுக்கினார்கள். காதலியின் பெயரில் அந்த இடைவெளியை வைத்து, உடனே பஞ்சமத்தில் ஏற்றி ஆற்றுகிறார் பெர்ன்ஸ்டைன். அதே இடைவெளியைத்தான் கும்பல்கள் முறைத்துக்கொள்ளும் இடங்களிலும் வைத்திருக்கிறார். காதலும் கொலையும் ஒரே வித்திலிருந்து முளைக்கின்றன என்று எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை, இசை சொல்லிவிடுகிறது.

சண்டைக்கு முன் வரும் ஐவர் பாட்டு இன்னொன்று. இரண்டு கும்பல்களும் இன்றிரவு தீர்த்துவிடுவோம் என்று பாடுகின்றன, கும்பல் தலைவன் ஒருவனின் காதலி அனிதா தன் ஆளுக்காகக் காத்திருந்து பாடுகிறாள், காதலர்கள் இருவரும் இன்றிரவு சந்திப்போம் என்று பாடுகிறார்கள். எல்லார் வாயிலும் 'இன்றிரவு' என்ற ஒரே சொல். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை. பாடினால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காதில் விழுகிறார்கள். அந்த இரவில் என்ன நடக்கப்போகிறது என்பது கேட்கிற நமக்கு மட்டும் புரிந்து வயிற்றைப் பிசைகிறது.

இனி முதலிடம். 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' நியூயார்க்கில் அரங்கேறிய நாள் 1964 செப்டம்பர் 22. இசை ஜெர்ரி பாக், பாடல்கள் ஷெல்டன் ஹார்னிக். ஷோலம் அலைக்கம், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் எழுதிய கதைகளே மூலம். ஜார் ஆண்ட ரஷ்யாவில், அனடெவ்கா என்ற கிராமத்தில், டெவ்யே என்ற யூதப் பால்காரன். அவனுக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் அப்பா பார்த்த மாப்பிள்ளையை மறுத்து ஏழைத் தையல்காரனைக் கட்டிக்கொள்கிறாள். அடுத்தவள் புரட்சிக்காரனைத் தேடிச் சைபீரியாவுக்கு ரயில் ஏறுகிறாள். மூன்றாமவள் வேற்று மதத்தானோடு போகிறாள். அங்கேதான் டெவ்யேவால் வளைந்து கொடுக்க முடியாமல் போகிறது. கடைசியில், மூன்று நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வருகிறது.

அது அரங்கேறி ஐந்தே வாரத்தில், 1964 அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. என் பாட்டியும் தாத்தாவும் அந்தக் கணக்கில் வந்தவர்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. ரயிலைப் பாட்டி கடைசிவரை 'கோச்சி' என்றுதான் சொல்வார். தோட்டத்து லயத்தில் குடியிருந்த அறை அவருக்குக் 'காம்பரா'.

நான் கல்லூரியில் படித்தபோது ஆங்கிலத் துறையிலிருந்து 1971ஆம் ஆண்டுப் படத்தின் ஒளிநாடாவை வாங்கிவந்து, கோத்தகிரியில் எங்கள் வீட்டில் போட்டேன். நார்மன் ஜூயிசன் இயக்கியது. படத்துக்கு மண் நிறம் வரவேண்டும் என்று கேமராவின் கண்ணாடிமேல் பெண்கள் அணியும் காலுறைத் துணியைக் கட்டிப் படமெடுத்தார்கள். பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். டெவ்யே தன் மனைவி கோல்டேயிடம், கல்யாணமாகி 25 வருடம் கழித்து, என்மேல் உனக்கு அன்பு உண்டா என்று கேட்கும் பாட்டு வந்தது. துணி துவைத்தேன், சமைத்தேன், வீட்டைக் கவனித்தேன், பிள்ளை பெற்றேன், பால் கறந்தேன், இப்போது வந்து இதைக் கேட்கிறாயே என்கிறாள் அவள். "என்ன கேட்கிறான்?" என்றார் பாட்டி. சொன்னேன். தாத்தா திரும்பிப் பார்க்காமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பாட்டி சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரயில் நிலையத்தில் இரண்டாவது பெண் அப்பாவிடம் விடைபெறும் பாட்டுக்கு நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. பாட்டியும் கேட்கவில்லை.

கடைசிக் காட்சி. மூட்டைகள் வண்டியில் ஏறிவிட்டன. வண்டி நிற்கிறது, நேரமாகிறது. கோல்டே வீட்டுக்குள் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். அழுக்கு வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். அதைச் சொல்வதற்காக நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி பேசினார்.

"நானும் காம்பராவைக் கூட்டிவிட்டுத்தான் வந்தேன். சாணி போட்டு மெழுகினேன். விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்."