உறையும் நேரமும் உறைந்ததன் உறுதியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தில்லியின் சனவரிக் குளிரில் பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்குவது எத்தனை பாடு என்பதை இராமகிருஷ்ணபுரத்தில் குடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தைச் சால்வையில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தாலும், விடிந்து திறந்து பார்க்கையில் மேலே ஆடை மட்டும் படிந்து, அடியில் பால் பாலாகவே கிடக்கும். பாலுக்கும் இரத்தத்துக்கும் ‘உறைதல்’ என்ற ஒரே சொல்லைத் தமிழ் வழங்குகிறது. இரண்டின் வேதியியலும் வேறுவேறு என்றாலும், கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே: எப்போது உறையத் தொடங்கியது, எவ்வளவு கெட்டியாக உறைந்தது, உறைந்தது மறுபடி நீர்த்துப் போகிறதா?

சாலை விபத்தில் அடிபட்டு வருபவரின் இரத்தம் உறையாமல் போவதற்கு, நாம் ஏற்றும் உப்புநீரால் அது நீர்த்துப் போவதே முதன்மைக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். 2003-இல் இலண்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மருத்துவமனைக்குள் நுழையும்போதே உறைதல் கெட்டிருந்தது தெரியவந்தது. தசை நசுங்கியதும் அதிர்ச்சியில் இரத்த ஓட்டம் குன்றியதும் சேர்ந்தே அந்தக் கேட்டைத் தொடங்கிவைக்கின்றன. எனவே ‘என்ன அளக்கிறோம்’ என்பதோடு ‘எத்தனை நிமிடத்தில் அளக்கிறோம்’ என்பதும் இங்கே உயிர்க்கேள்வி ஆகிறது.

உறைதலை அளக்க இரண்டு முறைகள் நம்மிடம் உள்ளன. பழைய முறையான புரோத்ராம்பின் நேரம், அதாவது நாம் பி.டி. என்று சொல்லும் சோதனை, 1935-இல் ஆர்மண்ட் குவிக் வகுத்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலந்த நீலமூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றி, செல்களைப் பிரித்து, எஞ்சிய பிளாஸ்மாவில் கால்சியமும் உறைதலைத் தூண்டும் திசுக்காரணியும் சேர்ப்பார்கள். நான் பயிற்சி பெற்ற நாள்களில் குழாயை 37 டிகிரி நீர்த்தொட்டியிலிருந்து எடுத்து விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, முதல் நூலிழை கண்ணில் பட்ட கணத்தில் கடிகாரத்தை நிறுத்துவோம். இன்று அதை இயந்திரம் செய்கிறது; ஆனால் அதுவும் அந்த முதல் இழையோடு நின்றுவிடுகிறது. இரத்தத்தை உறையவைக்கும் நொதியான த்ராம்பின் உருவாகப்போகும் அளவில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கே அப்போது பிறந்திருக்கும். தட்டணுக்களோ சிவப்பணுக்களோ அந்தக் குழாயில் இல்லை. தொடக்கத்தை மட்டும் சொல்லி, கெட்டித்தன்மையைப் பற்றி வாய் திறக்காத விடை அது. ஆய்வகத்திலிருந்து அது வந்து சேர முக்கால் மணி நேரம் ஆவதும் உண்டு. அதற்குள் நோயாளிக்குப் பல பை இரத்தம் ஏறியிருக்கும்.

இரண்டாம் முறையின் வேர் 1948-இல் செருமனியில் ஹார்ட்டர்ட் கண்ட கருவியில் இருக்கிறது. செல்கள் பிரிக்கப்படாத முழு இரத்தத்தைச் சிறு கிண்ணத்தில் விட்டு, அதில் ஓர் ஊசியைத் தொங்கவிட்டு, கிண்ணத்தை மெல்ல இடமும் வலமும் அசைப்பார்கள். இரத்தம் நீராக இருக்கும்வரை ஊசி அசையாது. உறைய உறைய இரண்டும் பிணைந்து ஊசியும் சேர்ந்து திரும்பும். திரையில் ஒற்றைக் கோடாகப் போவது இரண்டாகப் பிரிந்து அகலும். அகலம்தான் கட்டியின் உறுதி. கட்டி கரையத் தொடங்கினால் கோடுகள் மறுபடி நெருங்கும். டெக், ரோட்டம் என்று வழங்கும் கருவிகள் இந்த வழியில் வந்தவை. ரோட்டத்தில், உறையத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே கட்டியின் அகலத்தை மில்லிமீட்டரில் படித்துவிடலாம்.

அப்படியானால் புதியதே வென்றது என்று சொல்லிவிடலாமா? 2016-இல் அமெரிக்காவில் 111 பேரிடம் நடந்த ஆய்வில் டெக் வழிநடத்திய சிகிச்சையில் இறப்பு குறைந்தது. 2021-இல் ஐரோப்பாவில் 396 பேரிடம் நடந்த ஐட்டாக்டிக் ஆய்விலோ, பெருமளவு இரத்தம் ஏற்றத் தேவைப்படாமல் 24 மணி நேரம் உயிரோடிருந்தவர்கள் இவ்வகைக் கருவி வழிநடத்திய பக்கம் 67 விழுக்காடு, பழைய சோதனைகள் வழிநடத்திய பக்கம் 64. உறுதியான வேறுபாடு என்று கொள்ள முடியாத இடைவெளி அது. இந்த முடிவை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. முன்கூட்டியே பிளாஸ்மாவையும் தட்டணுவையும் சிவப்பணுக்களுக்குச் சமமாக ஏற்றும் பெரிய மையங்களில் கருவி கூடுதலாகச் சேர்ப்பது கொஞ்சமே என்பது என் கருத்து.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான குருட்டுப் புள்ளிகளைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. மூடுபனியில் ரிங் ரோட்டில் அரை மணி நேரம் கிடந்தவரின் உடல் 33 டிகிரிக்கு இறங்கியிருக்கும். நாமோ அவர் இரத்தத்தை வழக்கம்போல 37 டிகிரிக்குச் சூடாக்கி, நன்றாக உறைகிறது என்று எழுதுகிறோம். அடுப்பருகே வைத்துத் தோய்த்த தயிரைக் காட்டி, வெளியே வைத்ததும் தோய்ந்திருக்கும் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. கால்சியமும் அப்படியே: நோயாளியின் உடலில் அது குறைந்திருந்தாலும் சோதனையில் நாமே சேர்த்துவிடுவதால் குறை தெரியாது.

ஓர் இரவை நான் மறக்கவில்லை. அப்போது நான் பணியாற்றிய மருத்துவமனையில், அடிபட்டு வந்த ஓர் இளைஞரின் இரத்தத்தை அவசரத்தில் பாதியே நிரப்பிய நீலமூடிக் குழாய் ஆய்வகத்துக்கு வந்தது. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் இருக்க வேண்டிய இடத்தில் சிட்ரேட் மிகுந்துபோனதால் பி.டி. பொய்யாக நீண்டது, அந்த எண்ணை நம்பிப் அவருக்கு ஏற்ற, உறைநிலையில் வைத்திருந்த பிளாஸ்மாவை உருக்கினார்கள். மறுகுழாயில் எண் சீராக இருந்தது. அந்த இளைஞருக்கு அப்போது தேவைப்பட்டது இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும் கட்டு.

கருவி இல்லாத மருத்துவமனைகளில் கட்டியின் நூலிழைகளாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜனின் அளவையாவது, கிளவுஸ் என்னும் ஆய்வக முறையில் பார்க்கக் கேளுங்கள் என்று இளம் மருத்துவர்களிடம் மன்றாடுகிறேன். பெருமளவு இரத்தம் போகையில் முதலில் வற்றுவது அதுவே. டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஈடு செய்தாக வேண்டும். கட்டி கரையாமல் தடுக்கும் மருந்தான டிரனெக்சாமிக் அமிலத்துக்கோ எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கக் கூடாது: இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வும் அதன் தொடர் ஆய்வும், மூன்று மணி நேரத்துக்குள், அதிலும் முதல் மணி நேரத்தில் கொடுத்தால்தான் அது உயிர் காக்கும் என்று காட்டின. குழாயைக் கோடு வரை நிரப்பி, அதன் மேல் இரத்தம் எடுத்த நேரத்தையும் அந்தக் கணத்து உடல் வெப்பத்தையும் எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகே நான் மூன்றாவது எண்ணை, அதாவது சோதனையின் விடையைப் படிக்கிறேன்.