வீடியோ பார்த்தால் புரிகிறது, நானே புரோகிராம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்விதான். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கி வாசிக்கிறேன்.

"அண்ணா, எட்டு மாதமாக யார் உதவியும் இல்லாமல் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் லாங்குவேஜைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது வரலாறு. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அதை மூடிவிட்டு நானே எழுத உட்கார்ந்தால் முதல் வரிகூட வருவதில்லை. போன வாரம் ஒரு சின்னப் பயிற்சியில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். இதற்கான மூளை எனக்கு இல்லையோ என்று தோன்றுகிறது. வேறு லாங்குவேஜுக்கு மாறிவிடலாமா, இல்லை இதை விட்டுவிடலாமா?"

அது என்ன பயிற்சி என்று நான் திருப்பிக் கேட்டேன். பதில் வந்ததும் சிரித்துவிட்டேன். தம்பி, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு சொல்லைக் கொடுத்தால் அது முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடிங் கற்றுக்கொள்கிற எல்லோரும் செய்கிற பயிற்சி அது. பைத்தானில் ஒரு சொல்லைத் திருப்பிப் போடக் குறுக்குவழி உண்டு, சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளியும் மைனஸ் ஒன்றும் போட்டால் போதும். இவர் அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆங்கிலச் சொற்கள் நாலைந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார், எல்லாம் சரியாக வந்திருக்கிறது. அப்புறம் நம் ஊர் ஆள் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்திருக்கிறார்: 'விகடகவி' என்று போட்டிருக்கிறார். புரோகிராம் 'இல்லை' என்று சொல்லிவிட்டது.

உலகத்துக்கே தெரியும், விகடகவியைத் திருப்பினால் விகடகவி. அப்படியானால் தப்பு என் கோடில்தான் என்று முடிவு கட்டி இரண்டு நாள் அழித்து அழித்து எழுதியிருக்கிறார். வேறொருவர் எழுதிய கோடைக் கொண்டுவந்து ஒட்டியும் பார்த்திருக்கிறார், அதுவும் 'இல்லை' என்றதாம். அப்போதாவது சந்தேகம் கோடின் மேல் இருந்து வேறு எங்காவது போயிருக்க வேண்டும். போகவில்லை. நேராகத் தன் மூளையின் மேல் போய்விட்டது.

சரி, உண்மையில் என்ன நடந்தது? விகடகவியில் எத்தனை எழுத்து? நமக்கு ஐந்து. பைத்தானில் நீளத்தை எண்ணிச் சொல்கிற லென் போட்டுப் பாருங்கள், ஏழு என்று வரும். கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதிந்துவைக்கிற யூனிகோடு முறையில் 'வி' ஒரே எழுத்தாகப் பதிவாவதில்லை. 'வ' தனி, மேலே வளைகிற மேல்விலங்கு என்ற குறி தனி. ஆக 'வ', மேல்விலங்கு, 'க', 'ட', 'க', 'வ', மேல்விலங்கு, மொத்தம் ஏழு. இதைத் திருப்பிப் போட்டால் முதலில் நிற்பது 'வ' இல்லை, அந்த மேல்விலங்கு. பிறகு எப்படி ஒன்றாகும்? 'தமிழ்' என்ற சொல்லுக்கே லென் ஐந்து என்றுதான் சொல்லும், 'மி'யின் மேல்விலங்கும் 'ழ்'இன் புள்ளியும் தனித்தனி ஆட்கள்.

அதாவது உங்கள் கோடில் தப்பில்லை, உங்கள் மூளையிலும் தப்பில்லை. நீங்கள் 'எழுத்து' என்று நினைத்ததும் கம்ப்யூட்டர் 'எழுத்து' என்று வைத்திருந்ததும் வேறு வேறு. டுடோரியலில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே எடுத்துக்காட்டெல்லாம் ஆங்கிலத்தில். நீங்கள் ஒருவர்தான் வழியை விட்டு இறங்கி ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்த்தீர்கள். அனுபவப்பட்டவர்களே வழுக்குகிற இடத்தில் எட்டாவது மாதத்திலேயே போய் நின்றிருக்கிறீர்கள். அதைப் போய் மூளை இல்லை என்கிறீர்கள்!

இந்த இரண்டு நாளில் உங்கள் மனதில் ஓடியதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் 'ஏன் இப்படி வருகிறது?' என்று கேட்டிருப்பீர்கள். நல்ல கேள்வி, அதைத் துரத்திப் போகலாம். திருப்பிய சொல்லை ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்திருந்தால், திரையில் ஒரு மேல்விலங்கு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தொங்குவது தெரிந்திருக்கும். ஆனால் பத்தாவது நிமிடத்தில் கேள்வி மாறிவிட்டது. 'எனக்கு ஏன் வரவில்லை?' என்று ஆகிவிட்டது. இதற்கு எந்தப் பிரிண்ட்டும் பதில் சொல்லாது. இரண்டு நாள் நீங்கள் தேடியது பிழையை இல்லை, உங்களைப் பற்றிய தீர்ப்பை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் ஒரு வரியை மாற்றுகிறேன், ஓட்டுகிறேன், பழைய விடையே வருகிறது. முழு வரியையும் அழிக்கிறேன், அப்போதும் பழைய விடை. மாலை ஆரம்பித்தது, நள்ளிரவு தாண்டிவிட்டது. 'நமக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று மூடி வைத்தவன் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு திறந்து பார்த்தால், திருத்திக்கொண்டிருந்தது ஒரு ஃபோல்டரில் இருந்த கோப்பு, ஓட்டிக்கொண்டிருந்தது வேறு ஃபோல்டரில் இருந்த அதே பெயருள்ள கோப்பு. இதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டியதில்லை. 'நான் மாற்றுவது ஓடுகிறதா?' என்று கேட்டு, முதல் வரியில் ஏதாவது கிறுக்கி பிரிண்ட் செய்திருந்தால் போதும். நானோ மூன்று வாரத்தைக் கொடுத்தேன்.

இனி உங்கள் பெரிய கேள்வி: பார்த்தால் புரிகிறது, எழுத வரவில்லை.

புரிவது உண்மைதான், பொய்யில்லை. ஆனால் பிறர் எழுதியதைப் பின்தொடர்வது ஒரு திறமை, ஒன்றுமில்லாததிலிருந்து எழுதுவது இன்னொரு திறமை. எட்டு மாதம் முதலாவதைப் பயிற்சி செய்துவிட்டு இரண்டாவது வரவில்லையே என்று வருந்துகிறீர்கள். பாட்டைக் கேட்டால் அடுத்த வரி தெரிகிறது, தனியாகப் பாடச் சொன்னால் இரண்டாம் வரியில் நின்றுவிடுகிறோம் இல்லையா, அதுதான் இது.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் நான்கு முறை படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அப்படியே தலைகீழ்: மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 'உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்த குழுதான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது. மூடி வைத்து எழுதியவர்களுக்குத்தான் சந்தேகம்.

அதனால் எழுத உட்காரும்போது வருகிற அந்தச் சந்தேகத்தை ரொம்பவும் நம்பாதீர்கள். வீடியோ பார்க்கும்போது வருகிற தெளிவையும் அதே அளவுக்கு நம்பாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? வீடியோவில் பத்து நிமிடம் பாருங்கள், மூடுங்கள், அதே புரோகிராமை நீங்களே எழுதுங்கள். முட்டினால் திரும்பப் போய்ப் பாருங்கள், ஆனால் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்யாதீர்கள், மறுபடி மூடிவிட்டு எழுதுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். மறுநாள் அதில் ஒரு சின்ன விஷயத்தை மாற்றுங்கள். அவர் எண்களைக் கூட்டினார் என்றால் நீங்கள் அவற்றில் பெரியதைக் கண்டுபிடியுங்கள். எட்டு மாதத்தில் இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காலித் திரையின் முன்னால் உறைந்து போவதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, தமிழில் எழுதுவது. கோடு வேண்டாம், கமெண்ட்டாக, அதாவது கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக எழுதுங்கள். ஒரு கோப்பில் எந்தச் சொல் அதிக முறை வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'கோப்பைத் திற.' 'சொல் சொல்லாகப் பிரி.' 'ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்தது என்று எண்ணு.' 'அதில் பெரியது எது என்று பார்.' நான்கு வரி, எல்லாம் கமெண்ட். முதல் இரண்டும் உங்களுக்குத் தெரியும். கடைசி வரியை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். மூன்றாவதில் நிற்பீர்கள்: எண்ணுகிறேன், சரி, எண்ணியதை எங்கே வைப்பது? அங்கேதான் டிக்‌ஷனரி வேண்டும். இப்போது உங்களுக்குத் தெரியாதது 'கோடிங்' இல்லை. 'சொல்லையும் அதன் எண்ணிக்கையையும் ஜோடியாக எப்படி வைப்பது' என்ற ஒரே ஒரு விஷயம். அதைத் தேடினால் கால் மணி நேரத்தில் கிடைக்கும். 'கோடிங் வரவில்லை' என்று தேடினால் என்ன கிடைக்கும்? என்னை மாதிரி ஆட்களின் வீடியோதான் கிடைக்கும்.

ஏஐ-யிடம் கேட்கலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். கேளுங்கள். ஆனால் 'எழுதிக் கொடு' என்று கேட்டால் அதுவும் இன்னொரு வீடியோதான், பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பார்த்துவிட்டு, 'இந்த எரருக்கு என்ன அர்த்தம், விடையைச் சொல்லாதே' என்று கேளுங்கள். எரர் என்றதும் ஞாபகம் வருகிறது, பைத்தான் சிவப்பில் பத்து வரி கொட்டினால் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன பிழை என்பது அங்கே இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. பலர் சிவப்பைப் பார்த்ததுமே மூடிவிடுகிறார்கள். அது திட்டு இல்லை, முகவரி.

வரலாறு படித்தவர் என்று சொன்னீர்கள், உங்களுக்கு ஒரு வரலாறு. மாரிஸ் வில்க்ஸ் என்பவர் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டிய குழுவின் தலைவர். 1949இல் அது ஓட ஆரம்பித்தது. அப்போதெல்லாம் புரோகிராமைக் காகித நாடாவில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிய முதல் பெரிய புரோகிராம் 126 வரி, அதில் சுமார் 20 பிழைகள் இருந்தன. ஒருநாள் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கும் நாடாவில் துளை போடுகிற இடத்துக்கும் இடையே படிக்கட்டில் போகும்போதுதான் அவருக்கு உறைத்ததாம்: இனி வாழ்நாளில் பெரும்பகுதி என் சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே போகப் போகிறது என்று. பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்கிறார். அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டியவரே அவர்! கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை 1967இல் வாங்கியவர். அவர் படிக்கட்டில் நின்றது 'எனக்கு வராது' என்று நினைத்து இல்லை, 'ஓ, இந்த வேலையே இப்படித்தானா' என்று புரிந்து.

அப்புறம், மற்றவர்கள் சடசடவென்று எழுதுகிறார்களே என்ற கவலை. அவர்கள் மூளை வேகமானது என்று நினைக்காதீர்கள். செஸ் ஆட்டக்காரர்களை வைத்து சேஸ், சைமன் என்ற இருவர் 1973இல் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த பலகையைச் சில விநாடி காட்டினால், கைதேர்ந்தவர் காய்கள் இருந்த இடங்களைத் தொடக்க நிலை ஆட்டக்காரரைவிட மிக அதிகமாக நினைவில் வைத்துச் சொன்னார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டியதும் அந்த மேன்மை கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. பார்த்துப் பழகிய வடிவங்கள்தான் அவருடைய பலம். 1981இல் புரோகிராமர்களை வைத்துச் செய்த சோதனையிலும், வரிகளைக் கலைத்துப் போட்டபோது இதே போலத்தான் ஆனது. வேகமாக எழுதுகிறவர், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற ஃபார் லூப்பை ஐந்நூறாவது முறையாக எழுதிக்கொண்டிருப்பார், நீங்கள் ஏழாவது முறை.



லாங்குவேஜ் மாற்றலாமா? இப்போது வேண்டாம். மாற்றினால் முதல் மூன்று வாரம் ஜோராக இருக்கும், ஏனென்றால் தெரிந்த பாடத்தையே மறுபடி படிப்பீர்கள். பிறகு இதே காலித் திரை அங்கேயும் வரும். முதலில் விகடகவியை முடியுங்கள். ஒரு காலி லிஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வந்தது மேல்விலங்கு, கொம்பு, கால், புள்ளி மாதிரி ஒரு குறியா? அதை லிஸ்ட்டில் கடைசியாக இருக்கிற எழுத்தோடு ஒட்டுங்கள். இல்லையா? புது எழுத்தாகச் சேருங்கள். முடிவில் 'வி', 'க', 'ட', 'க', 'வி' என்று ஐந்து இருக்கும், அந்த லிஸ்ட்டைத் திருப்பி ஒப்பிட்டால் 'ஆம்' என்று வரும். இதைக் கோடாக நான் எழுதிக் காட்டப்போவதில்லை, நீங்களே எழுதுவீர்கள்.

அது ஓடியதும் 'லக்ஷ்மி' என்று போட்டு எத்தனை எழுத்து வருகிறது என்று பாருங்கள். நாம் 'க்ஷ்' என்பதை ஒன்றாக எண்ணுவோமா, இரண்டாகவா? உங்கள் புரோகிராம் ஒன்று சொல்லும், நீங்கள் இன்னொன்று சொல்வீர்கள். யார் சொல்வது சரி என்று முடிவு செய்து எனக்கு எழுதுங்கள்.