கண் மதிப்பு போதாது

அறுவை அரங்கில் பணிபுரியும் செவிலியர்களே, இளம் மருத்துவர்களே, வணக்கம்.

"ரத்தம் எவ்வளவு போயிருக்கும்?" என்று மயக்க மருத்துவர் கேட்கிறார். "ஒரு முந்நூறு மில்லி இருக்கும்" என்கிறார் கத்தி பிடித்தவர். கேட்டவர் மனதில் ஐந்நூறு. கடைசியில் குறிப்பில் ஏறுவது நானூறு! இப்படிப் பேரம் பேசிப் படிந்த எண்ணை வைத்துத்தான் ரத்தம் ஏற்றலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்கிறோம்.

கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொஞ்சம் போனால் கூட்டிச் சொல்லும். நிறையப் போனால் குறைத்துச் சொல்லும். ஆபத்து இரண்டாவதில்தான்.

ஆகவே எடை போடுங்கள். உலர்ந்தபோது 20 கிராம் இருந்த மாப் (ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி), நனைந்து வந்ததும் 130 காட்டினால் அதில் இருப்பது ஏறத்தாழ 110 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தின் எடை சுமார் 1.06 கிராம்; ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது. ஆனால் சலைனில் நனைத்துப் பிழிந்து கொடுத்த மாப் என்றால், கழிக்க வேண்டியது பிழிந்த எடையை. காயவிட்டுப் போட்டாலும் கணக்கு தப்பும்.

சக்‌ஷன் பாட்டிலில், அதாவது உறிஞ்சிய திரவம் சேரும் பாட்டிலில், 900 மில்லி இருக்கிறது, கழுவ ஊற்றிய சலைனில் 500 அதற்குள் வந்திருக்கிறது என்றால் ரத்தம் 400தான். சிசேரியனில் பனிக்குட நீரும் சேர்ந்துகொள்ளும். அதை உறிஞ்சி முடித்ததும், நஞ்சுக்கொடி வருமுன் பாட்டிலின் அளவைக் குறித்துவிடுங்கள். விரிப்பின் மடிப்பிலும் தரையிலும் கிடப்பது எந்தப் பாட்டிலிலும் வராது. இடுப்பு மூட்டு மாற்றும்போது தசைகளுக்குள் கசிந்து தங்குவதோ கண்ணிலேயே படாது.

"ஹீமோகுளோபின் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்பீர்கள். உடனே தெரியாது. அணுக்களும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் சேர்ந்தேதான் வெளியேறுகின்றன. திரவம் ஏற்றி நீர்த்த பிறகுதான் எண் இறங்கும். ரத்த அழுத்தமும் அப்படித்தான். 60 கிலோ எடையுள்ளவர் உடலில், கிலோவுக்கு 70 மில்லி வீதம், சுமார் 4,200 மில்லி ரத்தம். ஆரோக்கியமானவர் என்றால் அதில் முப்பது சதவீதம், அதாவது 1,260 மில்லி போகும் வரைகூட அழுத்தம் தாக்குப்பிடிக்கலாம்.

மூன்று கிலோ பச்சிளங்குழந்தைக்கு மொத்தமே 250 மில்லி அளவுதான். நன்றாக ஊறிய நாலங்குல காஸ் (மெல்லிய வலைத்துணி) ஒன்று சுமார் 10 மில்லி பிடிக்கும். இரண்டரை காஸ் நனைந்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று! அதையும் "ஒன்றுமில்லை, நாலைந்து காஸ்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எடை போட்டதைப் பலகையில் எழுதுங்கள். கூட்டுத்தொகையை உரக்கச் சொல்லுங்கள், தையல் போட்டு முடித்த பிறகு அல்ல, நடுநடுவே. அறுவை மருத்துவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.