கொழும்பின் உயரம் −1868 மீற்றர்! எண் கோட்டினை மலையில் நிமிர்த்திப் பார்ப்போம்

வணக்கம். கொழும்பின் உயரம் −1868 மீற்றர் என்று சொன்னால், நகரம் கடலில் மூழ்கிவிட்டதா என்று கேட்பீர்கள். மூழ்கவில்லை, காலிமுகத்திடலில் இப்போதும் இறால் வடை விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பூச்சியத்தை மட்டும் கடற்கரையிலிருந்து தூக்கிவந்து நுவரெலியா நகரில் வைத்துவிட்டோம்.

(திரையில்: செங்குத்தான எண் கோடு. நடுவில் 0, அருகில் "நுவரெலியா".)

பாடப்புத்தகத்தில் எண் கோடு படுத்துக் கிடக்கும். வலப்பக்கம் நேர் எண்கள், இடப்பக்கம் மறை எண்கள். மலையகத்துப் பிள்ளைகளுக்கு அதை நிமிர்த்திக் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து. மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் நாள்தோறும் ஏறி இறங்குபவர்களுக்கு, மேலும் கீழும் எதிர்த் திசைகள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறை எண்களின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 628 ஆம் ஆண்டில் இந்தியக் கணிதவியலாளர் பிரமகுப்தர் நேர் எண்களைச் செல்வமாகவும் மறை எண்களைக் கடனாகவும் கொண்டு விதிகள் எழுதினார். 1685 இல் இங்கிலாந்தின் ஜோன் வாலிஸ், 5 யார் முன்னே சென்று 8 யார் பின்வாங்கியவன் −3 யார் முன்னேறியிருக்கிறான் என்று ஒரு கோட்டின் மீது காட்டினார்.

இனி மலைக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் நுவரெலியா 1868 மீற்றர், பிதுருதலாகலையின் உச்சி 2524 மீற்றர். நுவரெலியா பூச்சியமானதும் உச்சி +656 ஆகிவிடுகிறது. அதன் எதிர் எண் எது? பூச்சியத்திலிருந்து அதே தூரத்தில், ஆனால் மறுபக்கத்தில் இருக்கும் −656. அந்தப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து 1212 மீற்றரில் வருகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை: தலவாக்கலை நகரம் ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது! நாட்டின் மிக உயர்ந்த சிகரத்துக்கு எதிராக, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல, தலவாக்கலை வந்து நிற்கிறது. தலவாக்கலைக்காரர்கள் இந்த வீடியோவை உடனே நண்பர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

தலவாக்கலையில் நின்றுகொண்டு, −656 இன் எதிர் எண் எது என்று கேட்டால், மீண்டும் உச்சிக்கே போய்விடுவீர்கள்; −(−656) = +656 என்பதன் பொருள் அவ்வளவுதான். நுவரெலியாவின் எதிர் எண் நுவரெலியாவே, ஏனெனில் பூச்சியத்துக்கு மறுபக்கம் கிடையாது.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 656 ஐவிட 1868 பெரிது என்பதால் −1868 உம் −656 ஐவிடப் பெரிது என்று எழுதிவிடுவார்கள். நிமிர்ந்த கோட்டில் அந்தத் தடுமாற்றம் நீடிக்காது: கொழும்பு தலவாக்கலைக்குக் கீழே இருக்கிறது, ஆகவே −1868 தான் சிறியது. (கொழும்பு உறவினர்களிடம் இதைச் சொல்லும்போது, இது உயரக் கணக்கு மட்டுமே என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.)

கொழும்புக் கடற்கரையிலிருந்து பிதுருதலாகலை உச்சி எவ்வளவு உயரம்? உச்சியின் எண்ணிலிருந்து கடற்கரையின் எண்ணைக் கழிக்க வேண்டும்: 656 − (−1868). மறை எண்ணைக் கழித்தால் ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்கும் மாணவரிடம் விதியை ஒப்புவிக்காமல் கோட்டைக் காட்டுங்கள். கடற்கரையிலிருந்து நுவரெலியா வரை 1868, அங்கிருந்து உச்சி வரை 656. இரண்டையும் கூட்டினால் 2524. பூச்சியத்தை எங்கே வைத்தாலும் மலை வளர்வதுமில்லை, குறைவதுமில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. விடையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பூச்சியத்தைப் பிதுருதலாகலையின் உச்சிக்கே கொண்டுபோய்விட்டால், இலங்கையில் நேர் எண் பெறக்கூடிய நிலம் ஏதேனும் மிஞ்சுமா? உச்சியில் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.