எஞ்சின் ஆயில்: வேலூர்க் கார்களுக்கு எத்தனை நாள் தாங்கும்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும்?" என்பதுதான். ஐயாயிரம் என்றோ பத்தாயிரம் என்றோ ஒரே சொல்லில் விடை சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் காலையில் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும் காருக்கும், சென்னைக்கும் பெங்களூருக்கும் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வாடகைக் காருக்கும் அந்த ஒரே எண் பொருந்தாது. இரண்டிலும் ஆயில் கெடும் விதமே வேறு.

ஆயில் என்றதும் நமக்கு வழவழப்பு மட்டுமே நினைவுக்கு வருகிறது. உரசும் பாகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பதோடு, குளிர்விக்கும் தண்ணீர் சென்று சேர முடியாத பிஸ்டனின் அடிப்பக்கம் போன்ற இடங்களிலிருந்து சூட்டை வாங்கிவருவதும், எரிபொருள் எரிந்து மிஞ்சும் கரியைத் தன்னுள் மிதக்கவைத்துச் சுமப்பதும், உள்ளே உண்டாகும் அமிலத்தை முறிப்பதும் அதே ஆயில்தான். இந்த வேலைகளில் பலவற்றைச் செய்வது எண்ணெயில் கலந்துள்ள சேர்மானங்கள். எண்ணெய் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே அந்தச் சேர்மானங்கள் தீர்ந்துபோயிருக்கக் கூடும்.

குறைவாக ஓடும் காருக்கு ஆயில் நெடுநாள் வரும் என்று நம்புகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் ஓடினால் அந்த ஈரமும், எரியாமல் கலந்த பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே வண்டியை நிறுத்திவிட்டால் அவை ஆயிலிலேயே தங்கிவிடும். மீட்டர் பலகையில் சூடு சரியாகக் காட்டுவதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் ஆகும்.

காந்தி நகரில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஒருவருடைய பெட்ரோல் கார் எங்களிடம் வந்தது. மருந்து வாங்கவும் காய்கறி வாங்கவும் மட்டுமே எடுக்கும் வண்டி. ஓடியது குறைவு என்பதால் மூன்று ஆண்டுகளாக ஆயிலைத் தொடவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது அதன் உட்புறத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில் களிம்பு அப்பியிருந்தது. சம்பைக் கழற்றினால், ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையில் பாதிக் கண்கள் கறுத்த வண்டலால் அடைபட்டிருந்தன. வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியதற்குக் காரணம் அதுதான். நெடுஞ்சாலையில் பல மடங்கு தூரம் ஓடிய டாக்ஸிகளில்கூட இத்தகைய வண்டலை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் தரும் கணக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது. இந்த 'எது முந்துகிறதோ' என்பதைத்தான் பலரும் படிப்பதில்லை. அதே கையேட்டில், கடினமான ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். குறுந்தூரம், நெரிசல், புழுதி, மலையேற்றம், பாரம் இழுத்தல் ஆகியவை அதில் வரும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில்தான் சேரும் என்பது என் முடிவு. கிரானைட் லாரிகளின் புழுதியில் ஓடுவதும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்குவதும் சாதாரண ஓட்டம் ஆகாது. நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்றும், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குக் கையேட்டில் சொன்ன முழு அளவு என்றும் வைத்துக்கொண்டால் தவறு நேராது. ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். பழைய ஃபில்டருக்குள் தங்கிய அழுக்கு எண்ணெய் புதிய ஆயிலோடு உடனே கலந்துவிடும்.

அடுத்தது, எந்த ஆயில் என்பது. "வேலூர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால்தான் தாங்கும்" என்ற பேச்சு இங்கே வேரூன்றிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் நாம் படும் பாட்டை நினைத்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் சூடேறிய எஞ்சினுக்குள் ஆயில் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் வேலை செய்கிறது. வெளியே 30 பாகையா 42 பாகையா என்பது அங்கே நாம் நினைக்கும் அளவுக்கு வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், பின்னால் உள்ள 30 அந்த 100 பாகைச் சூட்டில் ஆயிலுக்கு இருக்கும் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. இன்றைய எஞ்சின்களில் இடைவெளிகள் மிகக் குறுகியவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும்கூட ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே உள்ள பாகங்களுக்கு ஆயில் தாமதமாகவே போய்ச் சேரும். தேய்மானம் மிகுதியாக நடப்பதும் அந்தச் சில நொடிகளில்தான்.

டீசல் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடுகிறது என்று வருந்துகிறவர்கள் உண்டு. கரியைச் சுமப்பது அதன் வேலை. கறுப்பதால் மட்டும் அது கெட்டுவிட்டதாகாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்திலான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கும். அது அடைபடாமலிருக்க, சாம்பல் குறைந்த வகை ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். அந்தக் கரியை எரிப்பதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தும் வேளையில், ஊருக்குள் ஓட்டுபவர் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தால், அந்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலக்கக் கூடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதைப் போலவே, கூடுவதும் பட்டறைக்குப் போக வேண்டியதற்கான அறிகுறி.

டிப்ஸ்டிக்கை மாதம் இருமுறையாவது உருவிப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவே இருந்தால் போதும். மேல்குறியைத் தாண்டினால், பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும். பால் கலந்தது போல் தெரிந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்திருந்தால், எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று எண்ணாமல் அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அழுத்தம் இறங்கிவிட்டது என்பதையே அந்த விளக்கு சொல்கிறது. அதன்பின் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்கைத் தின்கிறது.

பட்டறையில் மாற்றும்போது அருகில் நில்லுங்கள். எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போது சம்பின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, கடைசிச் சொட்டு வடியும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் விடுகிறார்களா, போல்ட்டுக்குப் புது வாஷர் போடுகிறார்களா, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அந்த வளையத்தின்மேல் புதிய வளையத்தை வைத்து முறுக்கினால், நெடுஞ்சாலையில் மொத்த ஆயிலும் கொட்டிவிடும். உள்ளே கழுவும் திரவம் ஊற்றலாமா என்று கேட்டால், உரிய காலத்தில் மாற்றிவரும் வண்டிக்கு அது தேவையே இல்லை.

பழைய ஆயில் எங்கே போகிறது என்றும் தயங்காமல் கேளுங்கள். தோல் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியதும் நம் மண்ணின் துயரை முன்னிட்டுத்தான். பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே சேர வேண்டும். வீட்டில் நீங்களே மாற்றினாலும், அந்த மூன்று நான்கு லிட்டரைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றாமல், புது ஆயில் வந்த டப்பாவிலேயே நிரப்பி, பீப்பாயில் சேர்த்து அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எங்களைப் போன்றவர்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்வோம்.

வணக்கம்.